தையல்கடையின் இடது சுவர்

அண்ணி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது சுவரைத்தான். வீட்டுக்காரர்கள் வாங்க, உட்காருங்க என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அண்ணியின் கண் அவர்கள் தலைக்கு மேலே, ஜன்னல் மூலையிலிருந்து கூரைக்கு ஏறும் ஏதோ ஒரு கோட்டில் ஊன்றியிருக்கும்.

"இது ரொம்ப நாளா இருக்கா?" என்பார்.

வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும். அண்ணன் பக்கத்திலிருந்து, "விடும்மா, விருந்துக்கு வந்திருக்கோம்" என்று முணுமுணுப்பார். "நானும் விருந்துக்குத்தான் வந்திருக்கேன். கூரை தலையில விழாம சாப்பிடணும்ல?" என்று அண்ணி முணுமுணுக்காமலே பதில் சொல்வார். எங்களை இரண்டாம் முறை விருந்துக்கு அழைத்தவர்கள் குறைவு.

பார்ப்பது அவருடைய தொழில். நகரத்தில் எங்காவது பெரிய கட்டடம் எழும்பப்போகிறது என்றால், தரைக்குள் தூண் இறக்கும் இயந்திரம் வருவதற்கு முன்னால் அண்ணி வருவார். சுற்றியுள்ள வீடுகளிலும் கடைகளிலும் புகுந்து, ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு கூரையையும் படம் எடுப்பார். பிற்பாடு யாராவது, "உங்க மெஷின் அதிர்ந்துதான் என் சுவரு பிளந்துச்சு" என்று சண்டைக்கு வந்தால், அந்த விரிசல் முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று சொல்லப்போவது அண்ணி எடுத்த படம்தான். அவர் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'விரிசல் மேடம்'.

கேட்பதற்கு லேசான வேலை. பார்த்தால் அப்படியில்லை. யாரென்றே தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போய், "அலமாரியைக் கொஞ்சம் நகர்த்துறீங்களா?" என்று கேட்க வேண்டும். அலமாரிக்குப் பின்னால் என்னென்ன இருக்கும் என்பது அண்ணிக்கு மட்டுமே தெரியும், வெளியில் சொல்லமாட்டார். கட்டிலைத் தூக்கச் சொன்னால் கோபிப்பவர்கள் உண்டு. சுவரைத் துடைத்து, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து சுவரோடு சேர்ந்து நிற்பவர்களும் உண்டு. "உங்களை இல்லைங்க, சுவரை" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டும்.

நான் அண்ணன் வீட்டில் ஒரு சின்ன அறையில் இருக்கிறேன். பிழைக்க வந்த ஊர் இது. ஒரு அலுவலகத்தில் இரண்டு மொழிகளுக்கு நடுவே மொழிபெயர்த்துக் காலம் தள்ளுகிறேன். நாளைக்கு யார் என்ன கேட்பார்களோ என்று இன்றைக்கே கவலைப்படும் ஜாதி நான். அண்ணி நேர்மாறு. அவருக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். பயம் வர வேண்டிய இடத்திலும் அதேதான் வரும். அந்த வாரம் அதை முழுசாகப் பார்த்தேன்.

வழக்கம் இதுதான்: ஒரு வீட்டுக்கு ஒரு மெமரி கார்டு. ஒரு வீட்டுப் படங்கள் ஏறிய கார்டில் இன்னொரு வீடு ஏறக்கூடாது. கட்டட வேலை முடியும்வரை அசல் கார்டை அழிக்காமல் உறையில் போட்டு வைத்திருக்க வேண்டும். எனவே ஒரு தெருவை முடித்துவிட்டு அண்ணி வீட்டுக்கு வரும்போது, கைப்பையில் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான கறுப்புக் கார்டுகள் கலகலக்கும். சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் சின்னச் சீட்டு ஒட்டி விலாசம் எழுதுவார். அலுவலகக் கணினியில் ஏற்றுவது மறுநாளோ அதற்கு மறுநாளோ நடக்கும்.

அந்த வாரம் எடுத்து முடித்த தெருவுக்கு மட்டும் அந்த மறுநாள் வரவில்லை. அண்ணியை வேறொரு தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். இயந்திரம் அடுத்த வாரம் வரும் என்றார்கள். இந்த வாரமே வந்து குத்த ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணியின் போன் அடித்தது. தெருமுனையில் துணி தைத்துத் தரும் கடை வைத்திருக்கும் அம்மாள். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது.

"ஏம்மா போட்டோக்காரம்மா, உன் மெஷினு என் சுவரைக் கிழிச்சிடுச்சு!"

"என் மெஷின் இல்லைம்மா. எந்தச் சுவரு?"

"இடது பக்கம். துணி தொங்குதே, அந்தப் பக்கம். மேலேருந்து கீழ வரைக்கும். விரலே போகுது. இங்க ஒரு இன்ஜினியர் வந்தான். இது பழசும்மாங்கறான். பழசாம்! நான் இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் ஊசி கோத்திருக்கேன், எனக்குத் தெரியாத பழசா?"

"நான் எடுத்த படம் இருக்கும்மா. திங்கக்கிழமை காலையில எல்லாரும் வருவாங்க. படத்தை வெச்சுப் பேசிக்கலாம். நீங்க அந்தச் சுவரைத் தொடாதீங்க."

"தொடறதா? பக்கத்துல போகவே பயமா இருக்கு."

அண்ணி போனை வைத்துவிட்டு உறையிலிருந்து அந்தக் கடையின் கார்டை எடுத்தார். கேமராவில் போட்டார். புதுச் செருப்பு மாதிரி இறுக்கமாகப் போனது. திரையில் எழுத்து வந்தது: கார்டு இல்லை.

வெளியே எடுத்தார். ஊதினார். மறுபடி போட்டார். கார்டு இல்லை.

"போட்டிருக்கேன்ல, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கேமராவைக் கேட்டார்.

மடிக்கணினியில் போட்டார். கணினி அதையும் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. கல்லுளிமங்கன். அண்ணி பக்கத்து வீட்டுக் கார்டை எடுத்துப் போட்டார். அதுவும் இல்லை. எதிர்வீட்டுக் கார்டு. இல்லை. அந்தத் தெருவின் கார்டுகள் அத்தனையும் ஊமை. ஆனால் போன மாதம் எடுத்த வேறொரு தெருவின் கார்டைப் போட்டதும் கேமரா சமர்த்தாகப் படம் காட்டியது.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்தச் சுவரை இனி எத்தனை நல்ல கேமராவால் எடுத்தாலும் விரிசலோடுதான் வரும். விரிசல் இல்லாத சுவர் இந்த உலகத்தில் மிச்சமிருந்தால், அது இந்தக் கார்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அது வாய் திறக்காவிட்டால், தையல்கார அம்மாள் தன் செலவில் சுவரை எழுப்ப வேண்டியதுதான். அல்லது கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

"கொஞ்ச நேரம் விட்டு வெச்சா தானா சரியாயிடும்மா" என்றார் அண்ணன். அவருடைய வைத்தியம் எல்லாவற்றுக்கும் அதுதான்.

"என் கல்யாணத்தையும் அப்படித்தான் விட்டு வெச்சிருக்கேன். ஆயிடுச்சா?"

அண்ணன் டீ போடப் போய்விட்டார்.

கேமராவோடு வந்த கையேட்டை என்னிடம் தூக்கிப் போட்டார் அண்ணி. "ரெண்டு பாஷை படிச்சவன்தானே, படி." படித்தேன். ஒரு மொழியில், கார்டு சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையேல் விற்றவரை அணுகவும் என்றிருந்தது. இன்னொரு மொழியில் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் சேதி பரவிவிட்டது. அலுவலகத் தோழி ஒருத்தி, குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால் உயிர் வரும் என்றாள். எதிர் வாசல்காரர் அரிசிக்குள் புதைக்கச் சொன்னார். "அது தண்ணியில விழுந்த போனுக்குங்க" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, கரன்ட்டுதானே" என்றார். வேறு யாரோ கார்டை உள்ளங்கையில் வைத்துத் தட்டச் சொன்னார்கள். அண்ணி எல்லோருக்கும் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, "இவங்க எல்லாரையும் அரிசியில புதைக்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை கார்டு விற்ற கடைக்குப் போனோம். அண்ணி முடிவே கட்டிவிட்டிருந்தார்: ஒரே பெட்டியில் வந்த கார்டுகள், ஒரே சமயத்தில் செத்திருக்கின்றன. அப்படியானால் பெட்டியே போலி.

"போலி வித்திருக்கீங்க" என்றார் வாசலிலேயே.

கடைக்காரர் அசரவில்லை. அதே பெட்டியில் மிச்சமிருந்த ஒரு கார்டைப் பிரித்து அண்ணியின் கேமராவில் போட்டுக் காட்டினார். அது வேலை செய்தது. "பாத்தீங்களா? கார்டு நல்ல கார்டு மேடம். வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்கதான் என்னமோ பண்ணியிருக்கீங்க."

"என்ன பண்ணுவாங்க? அப்பளமா பொரிப்பாங்க?"

"பசங்க விளையாடினாங்களோ என்னவோ."

"எங்க வீட்டுல பசங்க இல்ல. இவன்தான் இருக்கான்." என்னைக் காட்டினார்.

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஊமைக் கார்டைத் தன் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்; எடுத்தார்; திருப்பிப் போட்டார். "பேசமாட்டேங்குது. பேசினா ஒரு நிமிஷத்துல ஃபார்மட் பண்ணிக் குடுத்துடுவேன். புதுசாட்டம் ஆயிடும்."

"ஃபார்மட் பண்ணா உள்ள இருக்கறது?"

"அது போயிடும். ஆனா கார்டு பொழைச்சிடும்."

அண்ணி கார்டை அவர் கையிலிருந்து பிடுங்கினார். தெருவில் இறங்கி வெகு தூரம் நடக்கும்வரை, "கார்டு பொழைச்சிடுமாம்! கார்டு பொழைச்சிடுமாம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

வீட்டுப் படி ஏறும்போது போன். தையல்கார அம்மாள் சொன்ன அதே இன்ஜினியர். கட்டும் கம்பெனியின் ஆள். குரலில் தேன்.

"மேடம், கார்டு ஏதோ பிரச்சினைன்னு கேள்விப்பட்டேன். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. மெஷின்தானே, போறது வர்றது சகஜம். 'படம் கிடைக்கலை'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா, திங்கக்கிழமை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"முடிஞ்சு?"

"பழைய விரிசல்னு போட்டுக்கலாம். உங்க மேல ஒண்ணும் வராது. உங்க ஆபீஸ்லயும் நான் பேசிக்கறேன்."

"என் மேல வராது. அந்தம்மா மேல சுவரு வரும், அவ்வளவுதானே?"

"மேடம், நீங்க அந்தச் சுவரை எடுத்தீங்களான்னே உங்களுக்கு நிச்சயமா தெரியுமா? எத்தனை வீடு எடுத்திருப்பீங்க!"

அண்ணி போனை அணைத்தார். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "எடுத்தேன் தம்பி" என்றார். "எடுத்தேன்தானே? ஒவ்வொரு கடையிலயும் நாலு சுவரு. எல்லாச் சுவரும் ஒண்ணாத்தான் இருக்கு." அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை அண்ணியை அலுவலகத்தில் வேலையை விட்டு எடுத்துவிட்டால் வாடகைக்கு என்ன செய்வது, இந்த ஊரில் இருக்க விடுவார்களா என்று நான் அதற்குள் வெகு தூரம் போய்விட்டிருந்தேன். அதைச் சொல்லாமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், அண்ணி மேசை மேல் கார்டுகளை மறுபடி பரப்பினார். பேசும் கார்டுகள் ஒரு பக்கம், பேசாதவை ஒரு பக்கம். "என்ன வித்தியாசம்? கண்ணு இருந்தா பாரு" என்றார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆனால் பேசாதவற்றின் சீட்டில் எழுத்து பளிச்சென்றிருந்தது. பேசுபவற்றில் அண்ணியின் விரல் பட்டு மை தீற்றிக் கிடந்தது.

"இதுல மட்டும் எப்படி மை கலையல?" என்றேன்.

அண்ணன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, பெருமையாகச் சொன்னார்: "நான்தான் டேப் ஒட்டினேன்."

அண்ணியும் நானும் அவர் முதுகைப் பார்த்தோம்.

"அன்னிக்கு, எழுதின எழுத்தெல்லாம் அழியுது, எந்தக் கார்டு எந்த வீடுன்னே தெரியலைன்னு நீ கத்தினியே. நீ தூங்கப் போனதும் உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் ஒட்டினேன். முன்பக்கம் மட்டும் ஒட்டினா ஓரம் பிரிஞ்சுடும்னு பின்பக்கமும் சுத்தி ஒட்டினேன். ஒரு குமிழி வராம. நகத்தால தேய்ச்சுத் தேய்ச்சு."

நான் ஒரு கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். பின்பக்கம், தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் தகடுகளுக்கு மேல், கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு ஓடி மறைந்தது. கேமரா அந்தத் தகடுகளைத் தொட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். அண்ணன் அவற்றை அத்தனை பாந்தமாகப் போர்த்திவைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. கணினி விசைப்பலகைக்கு ஒரு உறை. குளிர்பெட்டியின் கைப்பிடிக்கு வாங்கிய நாளில் சுற்றிய தாள் இன்னும் அப்படியே. அடையாள அட்டைகள் எல்லாம் டேப்புக்குள். அண்ணனுக்குப் பொருள் என்றால் மூடிவைக்க வேண்டியது. இத்தனை நாளும் எங்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார் அண்ணன், ஈரக் கையோடு.

"உங்க நல்லது!" அண்ணி எழுந்தே விட்டார். "மூணு நாளா குரங்கு மாதிரி தாவிக்கிட்டிருக்கேன். கடைக்காரன்கிட்ட சண்டை போட்டேன். கேமராவைத் திட்டினேன். நீங்க பக்கத்துலயே நின்னு டீ போட்டுக் குடுக்கறீங்க! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையே."

"என்னான்னு கேப்பேன்? 'ஏங்க, கார்டு வாயை அடைச்சீங்களா'ன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி பார்த்த பார்வையில் போய்விட்டது.

தையற்பெட்டியிலிருந்து மெல்லிய ஊசி எடுத்து, டேப்பின் ஓரத்தைக் கிளப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். உரிந்தது. ஆனால் தகடுகளின் மேல் பசை பிசுபிசுத்தது. மடிக்கணினியில் போட்டோம். முதல்முறையாக அது வாயைத் திறந்தது. திறந்து கேட்டது: இந்தக் கார்டைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?

"சரின்னு போட்டுப் பாரேன்" என்று அண்ணன் விரலை நீட்டினார்.

"கையை எடுங்க!" அண்ணியும் நானும் ஒரே குரலில் கத்தினோம். அண்ணன் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கார்டை வெளியே எடுத்து, மெல்லிய துணியை ஸ்பிரிட்டில் லேசாக நனைத்து, அண்ணியே துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார். அத்தனை எரிச்சலுக்கு நடுவில் அந்தக் கை மட்டும் எங்கிருந்தோ வேறொருவர் கை மாதிரி நிதானமாக இருந்தது. காயும்வரை விசிறினார். போட்டார். சுற்றிச் சுற்றி யோசித்தது கணினி. பிறகு படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன: கடை வாசல், கூரை, பின்சுவர், வலது சுவர்.

இடது சுவர் கடைசியில் வந்தது. அண்ணி பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டார். "அட கடவுளே" என்றார்.

திங்கட்கிழமை காலை தையல்கடையில் நால்வர் நின்றோம். மடிக்கணினி தூக்க ஆள் வேண்டும் என்று அண்ணி என்னை அரை நாள் விடுப்பு போட வைத்திருந்தார். கடை ஒரு ரயில் பெட்டி அகலம். இடது சுவர் நெடுக ஒரு கம்பி, அதில் தைத்து முடித்த கோட்டுகளும் கவுன்களும் நெருக்கியடித்துத் தொங்கின. அவற்றுக்குப் பின்னால்தான் விரிசல். தையல் மேசையில் நான் கணினியைத் திறந்தேன்.

படத்தில் சுவர் இருந்தது. ஒரு கீறல் இல்லை. சுவரில் அண்ணி ஒட்டிய அளவுகோல் தெளிவாகத் தெரிந்தது. அதோடு தையல்கார அம்மாளும் தெளிவாகத் தெரிந்தார். கம்பியில் இருந்த துணிகளை மொத்தமாக வாரி இரண்டு கையாலும் ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு குண்டூசியைக் கவ்வியபடி, கேமராவைக் கொன்றுவிடுவதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "மேடம், படத்துல ஆள் இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

"இருக்கு."

"இதுல ஆள் இருக்காங்களே. இதை எப்படி ஏத்துக்கறது?"

அண்ணி மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்போது வந்தது. ஆனால் சத்தமாக வரவில்லை. "இவங்க இல்லேன்னா துணி இருக்கும் சார். துணி இருந்தா சுவரு இருக்காது. கம்பியைக் கழட்ட முடியாது, கடையில எடம் இல்ல. தூக்கிப் பிடிங்கன்னு நான்தான் சொன்னேன். விதியை மீறினது நான். எங்க வேணா எழுதிக் குடுக்கறேன். இப்ப ஒண்ணு சொல்லுங்க. இந்தம்மா தோளுக்குப் பின்னாடி சுவத்துல என்ன தெரியுது உங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியல."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

தையல்கார அம்மாள் இருவரையும் தள்ளிக்கொண்டு திரைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நானா இது? பேய் மாதிரி இருக்கேன்! இந்த மூஞ்சியா போகுது ஆபீஸுக்கு? நல்லதா வேற ஒண்ணு எடுத்துடும்மா."

"வேற எடுத்தா விரிசலும் சேந்து வரும். இந்த மூஞ்சிதான் உங்க சுவரு. சும்மா இருங்க."

இன்ஜினியர் படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், விரிசலில் தன் விரலை வைத்துப் பார்த்தார். போனில் யாரிடமோ மெல்லப் பேசினார். பிறகு, அந்தப் பக்கம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லியிருப்பதாகவும், கொத்தனாரை நாளைக்கு அனுப்புவதாகவும், சுவர் கம்பெனியின் பொறுப்பு என்றும், தொண்டையைச் செருமிக்கொண்டே சொன்னார். "இப்ப இருக்கற நிலைமையை ஒரு படம் எடுத்துடுங்க மேடம். அதே கோணத்துல." வாசல் வரை போனவர் திரும்பினார். "இதுல ஆள் வேணாம்."

அண்ணி கேமராவில் புதுக் கார்டைப் போட்டார். அளவுகோலை ஒட்டினார். என்னைப் பார்த்தார்.

"என்ன பாக்கற? துணியைத் தூக்கு."

தூக்கினேன். இத்தனை கனமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கோட்டின் பொத்தான் கண்ணில் இடித்தது.

"கை தெரியுது தம்பி. தள்ளிப் பிடி."

தள்ளினேன்.

"இப்ப முழங்கை. இன்னும்."

"இன்னும் போனா கையே கழண்டுடும் அண்ணி."

"கழண்டா பரவாயில்ல, படத்துல வராம கழட்டு."

தையல்கார அம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "அன்னிக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்ப தெரியுதா?" என்று ஊசியில் நூல் கோத்தார்.